ஆண்டுக்கு முப்பத்தெட்டு டாலர்

ஒரு மனுஷி முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்த ஊரிலேயே கிழமாகி, அந்த ஊரிலேயே கண்ணை மூடுவதற்கு எங்கள் டார்பெல் ஊரில் விலை குறித்துவிட்டார்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு முப்பத்தெட்டு டாலர். துண்டுப் பிரசுரத்தில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மலிவாக எதுவும் வராது.

நான் கம்பளம் விற்கிற குடும்பத்தில் பிறந்தவன். வூஸ்டர் நகரத்தில் அப்பாவும் மூன்று சித்தப்பாக்களும் ஒரே கடையில் நின்று, முதல் விலையைக் கேட்டால் சிரிப்பதற்கும் இரண்டாவது விலையைக் கேட்டால் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கும் என்னை ஆறு வயதிலேயே பழக்கிவிட்டார்கள். இப்போது டார்பெலில் ஒரு வைக்கோல் கொட்டகையை வாங்கி, பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊர்க்காரர்கள் என்னை இன்னும் புதுசாக வந்தவன் என்றுதான் சொல்கிறார்கள்.

மே மாத ஊர்த் தேர்தலில் வாக்குச் சீட்டின் கடைசியில் இருந்த கேள்வி இதுதான். வீட்டு வரியோடு நூற்றுக்கு ஒன்றரை கூட்டி வசூலிக்கலாமா? மாநிலம் தன் பங்குக்குக் கொஞ்சம் போடும். அந்தப் பணம் பழைய கட்டடங்களுக்கும், திறந்த வெளிகளுக்கும், கைக்கு அடங்குகிற வாடகை வீடுகளுக்கும் மட்டும் போகும். ஆம் அல்லது இல்லை. நிதி வந்தால் முதல் வேலை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும். பூட்டிக் கிடக்கிற செங்கல் பள்ளிக்கூடத்தை ஆறு சின்ன வீடுகளாகப் பிரித்து, குறைந்த வாடகைக்கு விடுவது.

சனிக்கிழமை காலை ஊரின் குப்பைக் கிடங்குதான் எங்கள் நாடாளுமன்றம். பாட்டில் ஒரு தொட்டியில், காகிதம் ஒரு தொட்டியில், வதந்தி தரையில்.

"மாநிலம் சும்மா காசு குடுக்குதாம்."

"உனக்கு இதுவரைக்கும் யாராச்சும் எதையாச்சும் சும்மா குடுத்திருக்காங்களா?"

"என் மாமியா ஒரு தடவ கேக் குடுத்தா."

"அப்புறம்?"

"அப்புறம் ஆறு மாசம் எங்க வீட்லயே இருந்தா."

"அதே கததான் இதுவும். சரி, அந்த ஆறு வீட்டுக்கும் யாரு வருவா? அதச் சொல்ல மாட்டேங்கிறாங்க பாத்தியா?"

அட்டைப் பெட்டிகளை மிதித்து மடக்கிக்கொண்டிருந்த பெர்னீஸ் ஸாபெக் நிமிர்ந்தாள். வயது அறுபத்தேழு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தாலும் வண்டியை நேராக ஓட்டுகிற குரல் அவளுக்கு.

"யாரு வருவான்னு தெரியணுமா? நான் வருவேன்யா. உங்க பிள்ளைங்கள முப்பத்தொரு வருஷமா பனியில ஏத்தி எறக்கினவ. பயமா இருக்கா?"

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் ஒருவர் தொண்டையைச் செருமினார். "பெர்னீஸ்னா சரி. ஆனா மத்த அஞ்சு வீட்டுக்கு யாரு?"

அவள் நிலைமை ஊருக்கே தெரியும். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பாஸ்டன்காரர்களுக்குக் கோடை விடுதியாக விற்கப் பார்த்தார். ஆனால் ஒரு கிழவியைத் தெருவில் விட்டவர் என்ற பெயர் வேண்டாம் என்பதால் ஒரு வழி சொல்லியிருந்தார். கேள்வி ஜெயித்தால் பள்ளிக்கூடம் தயாராகிற இரண்டு வருஷமும் பொறுப்பார். தோற்றால் ஆகஸ்டில் காலி செய்ய வேண்டும். அவள் சம்பளத்துக்கு நாற்பது மைல் சுற்றளவில் ஒரு சமையலறைகூட வாடகைக்குக் கிடைக்காது.

அந்தச் செங்கல் பள்ளிக்கூடத்தின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. அது நான்தான். கொட்டகை நிரம்பி வழிகிறது. குளிர்காலத்திலேயே தொண்ணூறாயிரம் தருகிறேன் என்று ஊர் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் எல்டன் ஃபிஸ்க் என் கொட்டகைக்கு வந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த வீட்டைப் பார்த்தாலும் "இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு" என்று எழுதுகிற ஆள். இந்த மேல்வரிக்கு எதிராக மன்றத்துக்குப் போட்டியிடுவதாக அறிவித்திருந்தார். மனு கொடுக்கிற தேதியைத் தவறவிட்டதால் சீட்டில் அவர் பெயர் கிடையாது. எங்கள் மாநிலத்தில் அதற்கும் வழி இருக்கிறது. பெயரும் விலாசமும் அச்சிட்ட ஸ்டிக்கரை ஆதரவாளர்களிடம் கொடுத்தால், அவர்கள் சீட்டில் அதை ஒட்டிப் போடலாம்.

எனக்கு அவர் வேண்டியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டில் சாவு, யார் வீட்டைப் பூட்டிவிட்டு ஃபுளோரிடா போகிறார்கள் என்கிற செய்தியெல்லாம் முதலில் எல்டன் காதுக்கு வரும். அடுத்து என் காதுக்கு வரும். என் கடைச் சரக்கில் பாதி அந்த வழியில் வந்ததுதான்.

ஸ்டிக்கர் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்தால் மேப்பிள் மரப் பாகு பாட்டிலில் ஒட்டுகிற லேபிள். வாளியும் மரமும் வரைந்த படத்தின் மேலேயே அவர் பெயரை அச்சிட்டிருந்தார்.

"என்ன எல்டன், ஓட்டுப் போட்டா பாகு இலவசமா?"

"மார்ச்சுல பாகு காய்ச்சினப்ப மிச்சமானது. புது ஸ்டிக்கர் அடிக்க அறுவது டாலர் கேக்குறான். வரிய மிச்சப்படுத்த வந்தவன் இதுலயே மிச்சப்படுத்தலேன்னா எப்படி?" நாற்காலியில் சாய்ந்தார். அந்த நாற்காலிக்கு நான் நூற்றிருபது சொல்லிக்கொண்டிருந்தேன். "ஹேக், விஷயத்துக்கு வர்றேன். கேள்வி தோக்கட்டும். நான் மன்றத்துல உக்காரட்டும். பள்ளிக்கூடம் உனக்கு நாப்பதாயிரத்துக்கு."

நான் தொண்ணூறு தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பொருளை, இவர் நாற்பதுக்குத் தருகிறாராம். வாங்குகிறவன் கேட்காமலே விற்கிறவன் விலையைக் குறைத்தால், என் பெரிய சித்தப்பா கம்பளத்தைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார். நானும் புரட்டினேன்.

"கட்டடமும் பின்னாடி இருக்கிற நாலு ஏக்கருமா?"

"கட்டடம் மட்டும்தான் ஹேக். பின்னாடி நிலம் தனி. உனக்கு எதுக்கு அது? வெறும் சரளைக்கல்லு."

அவருடைய மருமகனுக்குச் சரளைக்கல் லாரி ஏழு இருக்கிறது. நான் தலையாட்டினேன். கையும் கொடுத்தேன். கை கொடுத்ததற்கு ரசீது கிடையாது.

இனி தேர்தல் நாள்.

ஊர் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பகல் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை வாக்குப்பதிவு. வாசலில் பள்ளிப் பெற்றோர் கேக் விற்கிறார்கள். உள்ளே வந்ததும் முதல் மேசை. தெருவைச் சொல், வீட்டு எண்ணைச் சொல், பிறகு பெயரைச் சொல். அங்கே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுச் சீட்டைக் கொடுப்பார்கள். தடுப்புக்குள் போய் அங்கே கட்டித் தொங்குகிற கறுப்புப் பேனாவால் குறித்துவிட்டு வெளியே வந்தால் இரண்டாவது மேசை. திரும்பவும் தெரு, எண், பெயர். இங்கே நீலப் பென்சில். இரண்டு பட்டியலும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த நிற ஏற்பாடு. மண்டபம் முழுக்க நீலப் பென்சில் ஒன்றே ஒன்றுதான். அது என் காதுமேல் செருகியிருக்கும். பதினோரு வருஷமாக இரண்டாவது மேசை என்னுடையது.

எனக்கு அடுத்துப் பெட்டி. தேக்கும் பித்தளையுமாகத் தாத்தா காலத்துச் சாமான். விற்பதாக இருந்தால் எண்ணூறுக்குக் குறையாமல் விற்றுத் தருவேன். சீட்டை வாயில் செருகிக் கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு உருளைகள் அதை உள்ளே இழுக்கும். டிங் என்று மணி அடிக்கும், எண் ஒன்று ஏறும். சுற்றுவது பெட்டிப் பொறுப்பாளர். இருபத்திரண்டு வருஷமாக அது பெர்னீஸ்.

எல்டன் அதைத்தான் முதலில் பிடித்தார். வந்ததும் ஊர்க் கிளார்க் லொரேன் டூப்ரேயிடம் போனார்.

"ஏம்மா லொரேன், இந்தக் கேள்வியில வீடு கெடைக்கப் போற பொம்பளையே பெட்டிக்குப் பக்கத்துல உக்காரலாமா?"

லொரேன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அங்க உக்காந்திருக்கிற ஹேக் அதே பள்ளிக்கூடத்துக்கு வெல கேட்டிருக்கார். நீங்களே ஒரு போட்டியாளர், உள்ள நின்னு என்கூடப் பேசிட்டிருக்கீங்க. இந்த ஊர்ல யாருக்கும் எதுலயும் ஆதாயம் இல்லாத ஆளா வேணும்னா, கல்லறையிலேர்ந்துதான் கூட்டிட்டு வரணும். அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

எல்டன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார். போகும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். பெர்னீஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன கம்பளக்காரா, ரெண்டு பேரும் எத்தனைக்குப் பேசி முடிச்சீங்க?"

"தூசி விழுந்திருக்கும் அவர் கண்ணுல."

"அவர் கண்ணுல டாலர் நோட்டு விழுந்தாலும் இமைக்க மாட்டாரேப்பா."

மூன்றரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. அந்த நேரத்தில்தான் மேசைக்காரர்கள் போய் வாக்களிப்போம். எல்டன் வெளியே கேக் சாப்பிடப் போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து பாகு லேபிளை எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் போனேன். பாட்டிலின் வயிற்றைச் சுற்றி வருகிற நீளம் அதற்கு. சீட்டில் இருந்த கோடோ விரல் அகலம். மற்றவர்கள் கத்தரித்து ஒட்டினார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு முனை சீட்டுக்கு வெளியே பசையோடு நீட்டிக்கொண்டிருந்தது. எல்டனுக்குக் கை கொடுத்த கடன் அதோடு தீர்ந்தது.

பிறகு கேள்விக்கு வந்தேன். ஆம் என்று குறித்தேன்.

பெர்னீஸுக்காகக் குறித்தேன் என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். நான் போட்ட கணக்கு வேறு. கேள்வி தோற்றால் பள்ளிக்கூடம் ஊர் கையில் இருக்கும். எல்டன் அதைத் துண்டு போட்டு, வண்டி நிறுத்த இடமில்லாத கட்டடத்தை என் தலையில் கட்டிவிட்டு, நிலத்தை மருமகனுக்குக் கொடுப்பார். கேள்வி ஜெயித்துவிட்டால் அவரிடம் விற்பதற்குச் சரக்கே இருக்காது. என்னை ஏமாற்ற வந்தவனின் கடையை மூடிவிட்ட திருப்தி, நாற்பதாயிரத்துக்கு மேல் பெறும். யாருக்கும் தெரியவும் போவதில்லை.

சீட்டைப் பெர்னீஸிடம் கொண்டு போனேன். செருகினாள், சுற்றினாள். டிங். மணிக்குப் பிறகு கைப்பிடி அரைச் சுற்றில் நின்றுவிட்டது. உள்ளங்கையால் பெட்டியின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். 'கிரீச்' என்று ஒரு சத்தம். பிறகு சுற்றியது.

"உன் ஓட்டு பெட்டிக்கே தொண்டையில எறங்கல பாரு," என்றாள்.

சிரித்துக்கொண்டே என் இடத்தில் வந்து உட்கார்ந்து, பழக்கத்தில் காதைத் தொட்டேன். பென்சில் அங்கே இல்லை, கையில் இருந்தது. கறுப்புப் பேனாவை விட்டுவிட்டு, நான் நீலப் பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.

ஊரெல்லாம் கறுப்பில் குறித்த சீட்டுக்கு நடுவே ஒரே ஒரு நீலச் சீட்டு. மாலை எண்ணும்போது எல்டன் கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றையும் பார்ப்பார். மீதி நேரமும் நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். என் சரக்கில் பாதியை இனி எங்கே போய் வாங்குவது?

ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினோம். வெளியே இன்னும் நல்ல வெயில். முதல் மேசைப் பட்டியலில் நானூற்று எண்பத்தெட்டு. என் பட்டியலிலும் அதே. பெட்டியின் மணியெண்ணும் அதே. லொரேன் பெட்டியைத் திறந்து சீட்டுகளைக் கொட்டி, ஐம்பது ஐம்பதாகக் கட்டச் சொன்னாள். கடைசிக் கட்டில் முப்பத்தெட்டு இருக்க வேண்டும். முப்பத்தேழுதான் இருந்தது.

திரும்ப எண்ணினோம். நானூற்று எண்பத்தேழு. மேசைக்கு அடியில் பார்த்தோம். தடுப்புகளில் பார்த்தோம். கேக் தட்டுக்கு அடியிலும் ஒருவர் பார்த்தார். கைமாறிய எல்லாச் சீட்டையும் என் கண் துழாவிக்கொண்டிருந்தது. நீலம் எதிலும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. காணாமல் போனது என்னுடையது. உருளைகள் பெட்டியின் கழுத்துக்குள், நான்கு திருகாணி போட்ட பித்தளைத் தகட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. பாகு லேபிளின் பசை கண்ணாடியையே விடாது, உருளையையா விடும்?

பெர்னீஸுக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. அந்தக் கைப்பிடியைத் தட்டியவள் அவள்தானே. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை.

எல்டன் திறந்தார்.

"ஒரு சீட்டு! பெட்டிக்குள்ள போன சீட்டு எங்க போகும்? பெட்டிகிட்ட ஆறு மணி நேரமா யாரு உக்காந்திருந்தா? அந்தப் பையத் தொறக்கச் சொல்லுங்க!"

"எல்டன்..." என்றாள் லொரேன்.

"சொல்லத்தான் செய்வேன். இல்லேன்னு குத்துன ஓட்ட எடுத்து ஒளிச்சா யாருக்கு லாபம்?"

பெர்னீஸ் எழுந்து, தன் பையைத் தலைகீழாக மேசையில் கவிழ்த்தாள். சர்க்கரைக்காரர்கள் தின்கிற பிஸ்கட், பேருந்துச் சாவி, குறுக்கெழுத்து பாதி முடித்த செய்தித்தாள், ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.

"தேடிக்கோ. ஷூவையும் கழட்டணுமா? சொல்லு, சாக்ஸ் ஓட்டையா இருக்கு, ஊர் பாத்தாலும் பரவால்ல."

எல்டன் நிஜமாகவே செய்தித்தாளைப் பிரித்து உதறினார். யாரும் தடுக்கவில்லை. அவளுடைய பேருந்தில் பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்கள் அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தையும் பார்த்தேன். இருக்குமோ என்று நினைக்கிற முகங்கள்.

லொரேன் மேசையைத் தட்டி, இருப்பதை முதலில் எண்ணுங்கள் என்றாள். எண்ணினோம். மன்றத்துக்கான இடத்தில் எல்டன் ஐம்பத்தொன்பது ஓட்டு பின்தங்கியிருந்தார். அதைக் கேட்டு அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு கேள்வி. ஆம் இருநூற்று இருபத்தொன்பது. இல்லை இருநூற்று இருபத்தொன்பது. எதுவும் குறிக்காதவை இருபத்தொன்பது.

"சமம்னா?" என்று கேட்டார் எல்டன்.

"ஜெயிக்க ஒண்ணாவது கூட வேணும். சமம்னா தோத்ததுதான்," என்றாள் லொரேன்.

அந்த நொடியில் எல்டனின் குரல் வெண்ணெய் போலானது. "பெர்னீஸ், ஏதோ கோவத்துல பேசிட்டேன். ஒரு சீட்டுதானே. காத்துல பறந்திருக்கும். உன் நேர்மை எனக்குத் தெரியாதா? விடு லொரேன், அப்படியே எழுதி முடி."

ஐந்து நிமிஷத்துக்கு முன்பு பையை உதறியவர் இப்போது தேடவே வேண்டாம் என்கிறார். சரக்கைச் சோதிக்காமல் வாங்குகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும்.

லொரேனால் அப்படி விட முடியாது. ஒரு தாளில் எழுதினாள். ஒரு சீட்டு கணக்கில் இல்லை, பெட்டிப் பொறுப்பாளரிடம் விளக்கம் இல்லை. அதைப் பெர்னீஸ் பக்கம் நகர்த்தினாள். "கையெழுத்துப் போட்டா அடுத்த தேர்தல்ல உன்ன உக்கார வைக்க முடியாது பெர்னீஸ். ஏதாச்சும் சொல்றதுன்னா இப்பவே சொல்லு."

பெர்னீஸ் பேனாவை எடுத்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். அப்பா கடையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எதிராளி முதலில் பேசட்டும் என்று காத்திருக்கிற பார்வை. அவளுக்கு என்ன வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். என் கொட்டகையின் மாடி அறையா? நான் பள்ளிக்கூடத்தை வாங்கினால் அதில் ஒரு மூலையா? என் சீட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது 'இல்லை' என்றே நினைத்திருப்பாள். நான் எல்டனின் ஆள் என்பதுதானே ஊர்ப் பேச்சு. அதை எடுத்துப் போட்டு என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதற்கு விலை என்ன? கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டாள். பெர்னீஸ் ஸாபெக் என்று முழுப் பெயரும் எழுதி, பேனாவை மூடி வைத்தாள்.

"முடிஞ்சதா? வண்டியக் கழுவணும்."

என் ஐம்பத்தெட்டு வருஷத்தில், விலை சொல்லாமல் எழுந்து போன ஆளை நான் பார்த்ததில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

"லொரேன்," என்றேன். "பெட்டியோட கழுத்துத் தகட்டக் கழட்டிப் பாரு."

பெர்னீஸ் சட்டென்று திரும்பினாள். "ஹேக், சும்மா இரு."

"எதுக்குத் தகட்டக் கழட்டணும்?" என்றார் எல்டன். "அது அரசாங்கச் சொத்து. ஒடஞ்சா யாரு பொறுப்பு?"

"ஒடஞ்சா நான் ஒட்டித் தர்றேன். அதான் என் தொழிலு."

திருப்புளி கிடைக்கவில்லை. கேக் வெட்டுகிற கத்தியின் முனையால் லொரேன் நான்கு திருகாணியையும் எடுத்தாள். கீழ் உருளையைச் சுற்றி, சுருட்டிய ரொட்டி மாதிரி, ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் வாளியும் மரமும் படம். விரல் நகத்தால் மெதுவாக உரித்து மேசையில் பரப்பினாள். எல்டன் ஃபிஸ்க் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"என் ஓட்டு!" என்றார் எல்டன். முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல, என் ஆளோட ஓட்டத்தான் ஒளிச்சிருக்காங்கன்னு!"

லொரேன் சீட்டை மறுபக்கம் திருப்பினாள். ஆம் என்ற இடத்தில் ஒரு குறி. நல்ல நீலத்தில்.

அறையில் இருந்த அத்தனை பேரும் என் காதைப் பார்த்தார்கள்.

"கை குடுத்தியேடா," என்றார் எல்டன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"குடுத்தேன். ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கேனே, நல்லாப் பாருங்க."

"நாப்பதாயிரத்துக்குத் தர்றேன்னேனே!"

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. "எத நாப்பதாயிரத்துக்கு?" என்று லொரேன் கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "இனிமே எந்த வீட்ல சாவு விழுந்தாலும் நீ பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். பேப்பரில்தான் பார்க்கிறேன்.

"நீல ஓட்டு செல்லுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்தக் கலர்னு சட்டம் கேக்காது. யாரு போட்டதுன்னும் கேக்காது. என்ன சொல்லியிருக்காங்கன்னு மட்டும்தான் கேக்கும்," என்றாள் லொரேன். பெர்னீஸ் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, கேக் கத்தியாலேயே குறுக்கே கிழித்தாள்.

பெர்னீஸ் அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஜெயிச்சிருச்சு. ரெண்டு வருஷம் பொறு. கூரையில ஒழுகுதே, அதச் சரி பண்ணு." வைத்துவிட்டாள்.

பெட்டியை அலமாரிக்குத் தூக்கிப் போகும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

"என்னக் காட்டிக் குடுக்காம இருந்தியே, அது பெரிய விஷயம் பெர்னீஸ்," என்றேன், நானே தொடங்கி வைத்து.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னையா? ஏண்டா கம்பளக்காரா, உனக்காகவா நான் வாய மூடிட்டு இருந்தேன்? உன் ஓட்டு 'இல்ல'ன்னு நெனச்சேன். அது வெளிய வந்தா ஒரு ஓட்டுல தோத்தோம், கத முடிஞ்சது. உள்ளயே கெடந்தா சமம், அதோட ஒரு சீட்டக் காணோம். ஒரு சீட்டு காணாமப் போன தேர்தல எந்தக் கோர்ட்டு ஒத்துக்கும்? திரும்ப ஓட்டுப் போடுங்கன்னு சொல்லும். வக்கீலுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதெல்லாம் கையெழுத்துப் போடும்போதே மனசுல எழுதிட்டேன். நீ ஊடால பூந்து கெடுத்திருப்ப. நல்லவேள, எல்டனுக்கும் துரோகம் பண்ணியிருந்த."

என் சித்தப்பாக்கள் மூன்று பேரும் உயிரோடு இருந்திருந்தால் அவளைக் கடையில் பங்காளியாகச் சேர்த்திருப்பார்கள்.

மேலே லொரேன் மண்டபக் கதவில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். குறிக்காத சீட்டுகளையும் எண்ணிச் சேர்த்தால்தான் எங்கள் ஊரில் கணக்கு முடியும். யார் அந்த இருபத்தொன்பது பேர், வரிசையில் நின்று, தெருப் பெயரை இரண்டு தடவை சொல்லி, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் போனவர்கள்? அன்றிலிருந்து குப்பைக் கிடங்கில் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். தாளில் இருந்தது இவ்வளவுதான்:

ஆம் 230
இல்லை 229
குறிக்காதவை 29
மொத்தம் 488. மணியெண் 488. சரி.